கதவில் கட்டிய காப்பு

அத்தியாயம் பதினொன்று

காபி டம்ளர் கை தவறி விழுந்து உருண்டபோதே சரசுவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"இன்னாங்க, டம்ளரைப் புடிக்கக்கூட தெம்பில்லியா?" என்று சிரித்துக்கொண்டே மறுபடி ஊற்றிக் கொடுத்தாள். வேடியப்பன் இரண்டு கையாலும் வாங்கினான். டம்ளரின் விளிம்பு பல்லில் தடதடவென்று அடித்தது. பாதிக் காபி மார்பில் வழிந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு மட்டும் புதுசாகப் பளபளவென்று இருந்தது.

அந்தக் காப்பு எப்படி ஏறியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரௌபதி அம்மன் கோயிலில் வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்கிற தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். காப்பு ஏறிய கை சாராயத்தைத் தொடக்கூடாது. அது ஊர் அறிந்த கட்டுப்பாடு. எத்தனை வைதாலும் அழுதாலும் அடங்காத ஆண்களை அம்மன் பெயரைச் சொல்லியாவது அடக்கலாம் என்று மாதர் சங்கத்து ராஜம்மாள் ஒரு யோசனை சொன்னாள். தெருவில் ஒவ்வொருத்தியும் தன் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பூசாரி முன்னால் நிறுத்தினாள். அப்படி நின்றவர்களில் முதல் ஆள் வேடியப்பன். கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு நாள்கூடக் குடிக்காமல் படுத்தது கிடையாது.

இதையெல்லாம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர், வேடியப்பனுக்கு அண்ணன் பரசுராமன். திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர் அவர்தான். தெருமுனைச் சாராயக் கடையை ஏலத்தில் எடுத்தவரும் அவர்தான்! மதுவிலக்கை எடுத்ததிலிருந்து அவர் காட்டில் மழை.

"கட்டுங்கம்மா, நல்லாக் கட்டுங்க. தீமிதி முடியட்டும். எல்லாத்தையும் சேத்துக் குடிப்பானுங்க" என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பைச் சரசு இன்னும் மறக்கவில்லை.

இன்று திங்கள்கிழமை. வேடியப்பன் மூன்று ராத்திரியாகக் கண் மூடவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. விரதம் என்றால் சும்மாவா, அம்மன் சோதிக்கத்தானே செய்வாள் என்று சரசு தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அடுப்பில் உலை கொதிக்கிற நேரம். வேடியப்பன் சட்டென்று எழுந்தான். குனிந்தான். இரண்டு கையாலும் எதையோ வாரி முதுகில் ஏற்றிக்கொண்டான். அங்கே ஒன்றும் இல்லை.

"வை, வை, முதுகுல வை. கீழ்பென்னாத்தூர் லோடு வந்துகீது" என்று கத்தினான். வளைந்த முதுகோடு சுவர் வரைக்கும் நடந்தான், இறக்கி வைத்தான், திரும்பி வந்து மறுபடியும் குனிந்தான். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

எதிர்வீட்டு வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஐயோ சாமி! பீமன் வந்துட்டாருடி! பீமசேனன் இறங்கிட்டாருடி!"

அவள்மேலும் தப்புச் சொல்ல முடியாது. கோயிலில் பாரதம் படிக்கிறார்கள். அன்றைக்குப் பகாசுர வதம். வண்டி வண்டியாகச் சோற்றை ஏற்றிக்கொண்டு பீமன் காட்டுக்குப் போகிற கட்டம். நேற்றிலிருந்து ஒலிபெருக்கி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறடி ஆள், முதுகு வளைத்துக் கண்ணுக்குத் தெரியாத பாரம் தூக்குகிறான், கையில் காப்பு இருக்கிறது. வேறு யாராக இருக்க முடியும்?

சரசு நம்பினாள். முழு மனசோடு நம்பினாள். மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு தூக்கி அவன் தலையில் ஊற்றினாள். கற்பூரம் ஏற்றினாள். அந்தக் காலில் விழுந்து அழுதாள். இத்தனை வருஷமும் அவளைக் குடிகாரன் பொண்டாட்டி என்றுதான் இந்தத் தெரு கூப்பிட்டது. இன்றைக்கு அதே தெரு அவளுக்கு வழிவிட்டுக் கும்பிட்டது.

பரசுராமன் வந்தார். கூடவே பம்பைக்காரர்களும் வந்தார்கள். தம்பி கழுத்தில் தன் கையாலேயே மாலையைப் போட்டார்.

"கோயிலுக்கு நடங்க! என் தம்பி மேல சாமி வந்துகீது. ஊரே பாக்கட்டும்!"

சித்திரை வெயில். தார் ரோடு அப்பளம் பொரிக்கும். அந்த ரோட்டில் செருப்பில்லாத காலோடு, பம்பைச் சத்தம் காதைக் கிழிக்க, வேடியப்பன் மூட்டை தூக்கிக்கொண்டே போனான். தெரு முழுக்கப் பின்னால் போயிற்று.

பாதி வழியில் ஒரு கை சரசுவின் முழங்கையைப் பிடித்து இழுத்தது. பரசுராமனின் மனைவி தங்கம்மாள், சரசுவுக்கு ஓரகத்தி. புருஷன் எதிரில் வாயைத் திறக்காதவள் என்று பேரெடுத்தவள்.

"சரசு, அவரு உடம்பைத் தொட்டுப் பாத்தியா? நெருப்பாக் கொதிக்குது. இது சாமி இல்லடி."

"இன்னா சொல்றக்கா?"

"எங்கப்பனை மதுவிலக்குல புடிச்சுகினு போய் உள்ள வச்சாங்க. குடிக்க வழியில்ல. மூணாம் நாளு இப்படித்தான். எறும்பு ஊருது, எறும்பு ஊருதுன்னு உடம்பைப் பிச்சிகினாரு. பேய் அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. பொணமாத்தான் வூட்டுக்கு வந்தாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போடி!"

சரசுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உன் வூட்டுக்காரர் கடை படுத்துடுச்சேன்னு உனக்கு எரியுது. என் புருசன் ஒரு நாளாவது மனுசனா நிக்கறது பொறுக்கலியா உங்களுக்கு?"

தங்கம்மாளின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் கையை விடவில்லை. சரசுதான் உதறினாள். அந்த உதறலை நினைத்து அவள் பிறகு எத்தனை தடவை தன் தலையில் அடித்துக்கொண்டாள் என்று சொல்லி மாளாது.

கோயில் வாசலில் பாரதம் படிக்கிறவரை நிறுத்திவிட்டுப் பரசுராமன் மைக்கைப் பிடித்தார். "பக்த கோடிகளே! என் தம்பி வேடியப்பன் மேல பீமசேனன் இறங்கியிருக்காரு. வந்து குறி கேளுங்க!"

மைக்கைக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் வந்தார். நல்ல அண்ணன் மாதிரி அவன் தோளைத் தடவினார்.

"சாமி, இன்னா வேணும்? படையல் இன்னா வேணும்? வாயைத் திறந்து கேளு."

வேடியப்பன் நாக்கை நீட்டி உதட்டை நனைத்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் உடம்பு எதற்காகத் தவித்ததோ அதையே வாயும் கேட்டது.

"சாராயம்... ஒரு வாய் சாராயம்..."

"சாமி கேக்குதுப்பா! பீமசாமியே சாராயம் கேக்குது!" என்று பரசுராமன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "காப்புக் கட்டினா குடிக்கக்கூடாதுன்னு எந்தப் பொம்பளை சொன்னா? சாமிக்கே இல்லாத கட்டுப்பாடு உங்களுக்கு இன்னாத்துக்கு?"

சொல்லிக்கொண்டே தோள் துண்டை விலக்கினார். இடுப்பில் பாட்டில் இருந்தது.

அந்தப் பாட்டில்தான் சரசுவின் கண்ணைத் திறந்தது. சாமி இப்போதுதானே கேட்டது? இவர் எப்போது கொண்டுவந்தார்? வீட்டு வாசலில் மாலை போட்டபோதே அது இடுப்பில் இருந்திருக்கிறது! தம்பிக்கு என்ன நடக்கிறது என்று இந்த மனுஷருக்குத் தெரியும். தினமும் குடிகாரர்களைப் பார்க்கிற கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் பம்பையோடு வந்திருக்கிறார். தெரிந்துதான் வெயிலில் நடத்தியிருக்கிறார்!

அவள் பாய்ந்து தட்டிய தட்டில் பாட்டில் பலிபீடத்தில் மோதி உடைந்தது. கோயில் வாசலெல்லாம் சாராய நாற்றம்.

"அடிப்பாவி! சாமி படையலை..." என்று பூசாரி வாயெடுப்பதற்குள் வேடியப்பன் கட்டை மாதிரி சாய்ந்தான். கையும் காலும் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. யாரோ ஓடிவந்து உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். கூட்டம் பின்வாங்கியது. குறி கேட்க நெருக்கியடித்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஜட்கா! ஒரு ஜட்காவைக் கூப்புடுங்களேன்!" என்று சரசு அலறினாள். குதிரை வண்டியைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தது தங்கம்மாள்.

வண்டியில் வேடியப்பனின் தலை தங்கம்மாள் மடியிலும் கால் சரசு மடியிலும் கிடந்தது. ஒரு தடவை சரசு, "அக்கா" என்றாள்.

"அப்புறம் பேசலாம். காலை இறுக்கிப் புடி" என்றாள் தங்கம்மாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் ஊசியைப் போட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். திறந்தது திட்டுவதற்கு.

"இத்தனை வருஷம் தினமும் குடிச்ச ஆளை ஒரேயடியா நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தாங்க" என்றாள் சரசு.

"நிறுத்தச் சொன்னது தப்பில்லை. இங்க கூட்டிட்டு வந்து படுக்க வச்சு மருந்தோட நிறுத்தியிருக்கணும். உடம்பு அதுக்கே பழகிப்போச்சு. திடீர்னு நிறுத்தினா நடுக்கம் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். உசுரே போயிடும். காலையில கை நடுங்கினப்பவே வந்திருக்க வேணாமா?"

"சாமின்னு நெனச்சேங்க."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது. டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் தாண்டணும். தாண்டிட்டா பொழைச்சுக்குவாரு. உங்க தெருவுல வேற யாராவது இப்படி நிறுத்தியிருக்காங்களா? இருந்தா உடனே இங்க அனுப்புங்க, நான் பாக்கறேன்."

தெருவில் பாதிப் பேர் கையில் காப்பு இருக்கிறதே!

குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மணிக்கட்டைத் திருப்பினாள். "இந்தக் கயிறு இடைஞ்சலா இருக்கு" என்று சொல்லிக் கத்தரியை வைத்தாள். சரசு, "ஐயோ" என்பதற்குள் காப்பு அறுந்து கீழே விழுந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். தீமிதி முடிந்து பூசாரி அவிழ்க்க வேண்டிய காப்பு.

ராஜம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். சங்கத்தை ஆரம்பித்தவள். மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"சரசு, தெருவே நாறுதுடி. 'காப்புக் கட்டி என் தம்பியைக் கொன்னுட்டாளுங்க'ன்னு பரசுராமன் வீட்டுக்கு வீடு சொல்லிகினு போறாரு. பயந்துபோய் ஆம்பளைங்க காப்பை அறுத்துப் போட்டுட்டானுங்க. சாயங்காலம் கடை எப்போ திறக்கும்னு வாசல்ல நிக்கறானுங்க."

"உங்களுக்கு இது தெரியாதாக்கா?" சரசுவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "நிறுத்தினா இப்படி ஆவும்னு தெரியாதா? ஊருக்கெல்லாம் யோசனை சொன்னீங்களே, ஒரு வார்த்தை டாக்டரைக் கேக்கத் தோணலியா?"

நிறுத்தி ஒருத்தன் சாவான் என்று ராஜம்மாள் எங்கே கண்டாள்? குடித்துச் செத்தவனைத்தான் அவளுக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அழுவாதீங்க. அழுவ இப்போ நேரமில்ல" என்றாள் சரசு. "காப்புக் கட்ட வீடு வீடாப் போனோம் இல்ல? இப்பவும் வீடு வீடாப் போங்க. எவனுக்குக் கை நடுங்குதோ, எவனுக்குத் தூக்கம் இல்லியோ, அவனை இங்க இட்டுகினு வாங்க. டாக்டரம்மா பாக்கறேன்னு சொல்றாங்க. கடைக்குப் போவாதடா, ஆஸ்பத்திரிக்கு வாடான்னு கூப்புடுங்க."

"நீ?"

சரசு முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். வேடியப்பன் பக்கம் திரும்பினாள். வாய் கோணித் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை விட்டு நகர மனசு வரவில்லை.

"போ" என்றாள் தங்கம்மாள். ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் பாத்துக்கறேன். எங்கப்பனுக்கு யாரும் கிட்ட இல்ல. இவருக்கு நான் இருக்கேன். நீ போய் என் வூட்டுக்காரரைக் கேளு. நான் கேக்க வேண்டியதையும் சேத்துக் கேளு."

சரசு நடந்து போனாளா ஓடிப் போனாளா என்று அவளுக்கே தெரியாது. தேர் நிற்கிற இடம், பூக்கடை, லாட்ஜ் எதுவும் கண்ணில் படவில்லை. மனசு முழுக்க அந்த இடுப்புப் பாட்டில்தான். பாவி! கூடப்பிறந்தவன் துடிக்கிறதைப் பார்த்துப் பம்பை அடிக்கச் சொன்ன பாவி!

சாராயக் கடை வாசலில் கூட்டம். மத்தியானம் சாத்தி வைத்துச் சாயங்காலம் பரசுராமனே வந்து திறப்பது வழக்கம். நிற்கிறவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது, நூல் இல்லை. சரசுவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார்கள். கதவின் கொண்டியில் பெரிய பூட்டு தொங்கியது.

முந்தானையை அவிழ்த்துக் காப்பை எடுத்தாள். பூட்டையும் கொண்டியையும் சேர்த்துச் சுற்றினாள். அறுந்த இரண்டு நுனியையும் இழுத்து, பல்லால் கடித்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள். மஞ்சள் துண்டு பூட்டின்மேல் வந்து நின்றது.

சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டே பரசுராமன் வந்து சேர்ந்தார்.

"இன்னாம்மா இது? புருசன் சாவக் கிடக்கறான், இங்க இன்னா கூத்து?"

"கண்ணு தெரியலியா மாமா? காப்பு. உங்க தம்பி கையில இருந்தது."

"அவுரு அதை."

"நீங்க அவுருங்க."

பரசுராமன் கையை நீட்டினார். கை பூட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. திருவிழாக் கமிட்டித் தலைவரே, தீமிதிக்கு முன்னால் அம்மன் காப்பை அவிழ்ப்பதா?

"ஏன் நிக்கறீங்க?" சரசுவின் குரல் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. "காலையில மைக்ல நீங்கதானே சொன்னீங்க, இந்தக் கைக்குச் சொந்தக்காரன் பீமசேனன்னு? நெசமா சாமின்னா, இது சாமி கையில இருந்த காப்பு. தைரியம் இருந்தா தொடுங்க. சாமி இல்ல, நோவுதான்னா, அதையும் இவங்க எதிர்ல சொல்லுங்க. நோவுல கிடந்த தம்பியை வெயில்ல இழுத்துகினு போனேன், பாட்டிலை இடுப்புல வச்சிகினு மாலை போட்டேன், என் கடை நடக்கணும்னு ஆட்டம் பாத்தேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அவுத்துக்குங்க. நான் தள்ளி நிக்கறேன்."

பரசுராமனின் முகத்தில் ரத்தம் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கையைக் கொண்டுபோனார்.

"அண்ணே, வேணாம்" என்றது ஒரு குரல். தினமும் கடை திறக்கும்போது முதல் ஆளாக வந்து நிற்கிற சடையன். அவன் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "அது மேல கை வைக்காதீங்கண்ணே. குடும்பத்துக்கு ஆவாது."

"உனக்குத்தானேடா கடை திறக்க வந்தேன்?"

"எனக்கு வேணும்தாண்ணே. உசுரு போவுது. ஆனா அதைத் தொடாதீங்க."

"சடையண்ணே, அந்தக் கையோட இங்க நிக்காதீங்க" என்றாள் சரசு. "ஆஸ்பத்திரிக்கு வாங்க. மருந்து இருக்குது. திருட்டு இல்ல, அவமானம் இல்ல. வாங்க."

சடையன் பூட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான். அப்புறம் மெதுவாக அவள் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

பரசுராமன் கையை இறக்கினார். சிரித்தார், அதே வெள்ளிக்கிழமைச் சிரிப்பு. "தீமிதி வரைக்கும்தானே? ஞாயித்துக்கிழமை பூசாரி வந்து அவுத்துட்டுப் போறாரு. அது வரைக்கும் உன் புருசன் இருக்கானான்னு பாரு."

சொந்தத் தம்பியைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது! சரசு காறித் துப்பினாள். அவர் காலடியில்தான் விழுந்தது.

"இருப்பாரு. உங்க பொண்டாட்டிதான் பக்கத்துல உக்காந்து காவல் காக்கறாங்க. வூட்டுக்குப் போய் ஆக்கித் துன்னுங்க."

வார்டுக்கு அவள் திரும்பியபோது விளக்குப் போட்டிருந்தார்கள். சடையனை நர்ஸிடம் விட்டுவிட்டு ஓடினாள். தங்கம்மாள் ஸ்டூலை விட்டு நகரவில்லை. வேடியப்பன் கண்ணைத் திறந்திருந்தான். இந்தத் தடவை அந்தக் கண் சரசுவைப் பார்த்தது, சரசுவைத்தான் பார்த்தது.

"சரசு."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பு எங்கடி?" வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "முழிச்சதுல இருந்து தேடறேன். நான் அறுக்கல. சத்தியமா நான் அறுக்கலடி."

"தெரியும். நர்ஸம்மாதான் எடுத்தாங்க. பத்திரமா இருக்குது."

"எங்க?"

"உங்கண்ணன் கடைப் பூட்டுல கட்டிட்டு வந்தேன். கடை திறக்கல. திறக்க முடியாது."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். வேடியப்பன் சிரிக்கவில்லை. கட்டிலே நடுங்குகிற அளவுக்கு உடம்பு மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது.

"காப்பு இல்லாத கையோட நெருப்புல எறங்க முடியாதுடி" என்றான். "ஞாயித்துக்கிழமை அதை வாங்க நான் அந்தக் கடை வாசலுக்குத்தான் போவணும். காப்பு அவுந்ததும் கடை திறந்துடும், அண்ணன் உள்ள பாட்டிலோட இருப்பான். காப்பில்லாத கையோட நான் வெளிய நிப்பேன்."

சரசு நடுங்குகிற அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.